பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிரிங்க

கல்யாண வீட்டில் போட்டோகிராபர் வராவிட்டால் முகூர்த்தமே தள்ளிப்போகும். சாவு வீட்டில் போட்டோகிராபர் எங்கே நிற்பது என்று அவனுக்கே தெரியாது.

என் பேர் சேகர். புனேயில், போபோடிப் பகுதியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. செல்போன் வந்து ஊரில் எல்லோரும் போட்டோகிராபர் ஆன பிறகு நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கொரோனா வந்தது. ஊரிலிருந்து யாரும் கிளம்பி வர முடியாத அந்த நாட்களில், “அண்ணே, எங்க அப்பா அடக்கத்தை மட்டும் லைவ்ல காட்டிருங்க” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். கொரோனா போய்விட்டது, இந்த வழக்கம் போகவில்லை. கட்கி, ஏரவாடா, வானவடி என்று எந்தத் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் யார் தவறினாலும், சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு அடுத்த போன் எனக்குத்தான். தூத்துக்குடியில் அத்தை இருப்பாள், துபாயில் மகன் இருப்பான். இவர்கள் எல்லோரும் என் கேமரா வழியாகத்தான் அழ வேண்டும்.

இத்தனைக்கும் நான் திருநீறு பூசாமல் கடைக் கதவைத் திறக்காத ஆள். என் மனைவி ஜெபாதான் கிறிஸ்தவள். கட்கியிலேயே பிறந்து வளர்ந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறாதவள். காதல் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை அவளைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் வடாபாவ் தின்றுகொண்டு காத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் என் பக்தி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கே போனாலும் அவள் முன்னால் போவாள், நான் கடைசி நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேருவேன். ரிசர்வேஷன் கிடைக்காத கோடை விடுமுறைகளில், புனே ஸ்டேஷனில் கன்னியாகுமரி வண்டி நிற்பதற்குள் ஏறி, எனக்கும் சேர்த்துத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிற கெட்டிக்காரி.

அவளுக்கு இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், டீ ஆற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: “ஏங்க, நான் போற எடத்துக்கு நீங்க வருவியளா, மாட்டியளா?” நான் ஆஸ்பத்திரியைச் சொல்கிறாள் என்று நினைத்து, “வராம? வண்டிச் சாவி எங்க?” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில்தான் எந்த இடம் என்று புரிந்தது. அவள் போவது மோட்சத்துக்கு. அதில் அவளுக்குத் துளி சந்தேகமும் கிடையாது. நான் வருவேனா என்பதுதான் கேள்வி. வருவேன் என்றால் பொய்யாகிவிடுமோ என்று பயம், மாட்டேன் என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு வாய் வரும்? அன்றிலிருந்து நான் எடுக்கிற ஒவ்வொரு அடக்கத்திலும் இதற்குப் பதில் அகப்படுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியாத கேள்வியை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற என் இனத்து அப்பாவிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம்.

வாய் தவறிப்போன வார்த்தை

கிறிஸ்தவர் வீட்டு அடக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன்னால், குடும்பத்தார் எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஏரவாடாவில் ஒரு பெரியவர். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றுவிட்டார்கள். உயரமானவர்களைப் பின்னால் தள்ளினேன், ஒரு குழந்தையை முன்னால் இழுத்தேன். கல்யாண வீட்டுக் கை அல்லவா, தானாக வேலை செய்தது. வாயும் தானாக வேலை செய்துவிட்டது. “எல்லாரும் இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க!”

ஐயோ சாமி! மூத்த மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான். நான் ட்ரைபாடை விட்டுவிட்டு ஓடுவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் அம்மாதான் அவனைப் பிடித்து நிறுத்தினார். கண்ணில் நீர் ஒழுகிக்கொண்டே இருக்க, முந்தானையைச் சரி செய்துகொண்டு கேமராவைப் பார்த்து நிஜமாகவே சிரித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிபடுவதில்லை. அவர் மகனிடம் சொன்னது இதுதான்: “விடுல, அவரு சொன்னதுல என்ன தப்பு? உங்கப்பா இப்ப ஆண்டவர்கிட்ட சிரிச்சிட்டுதாம்ல இருப்பாரு. நாம மட்டும் உம்முன்னு நின்னா போட்டோ ஒண்ணுபோல இருக்காதுல்லா!”

டவர் இல்லாத இடம்

வானவடியில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஒரே மகன் துபாயில். லீவு கிடைக்கவில்லை. காலையிலிருந்து என் லைவில்தான் உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஆராதனை முடிகிற வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி போனது. கல்லறைத் தோட்டத்துக்குப் போனதும் சனியன் பிடித்தது. பெட்டியில் கயிறு போட்டு இறக்க ஆரம்பித்த அந்த நேரம் பார்த்து, டவர் போய்விட்டது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன், ஒரு மதில்மேலே கூட ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பிடி மண் போட்டு முடித்த பிறகு, வேண்டாத விருந்தாளி மாதிரி டவர் திரும்பி வந்தது.

பெற்ற அப்பாவைக் கடைசியாகப் பார்க்க விடாமல் பண்ணிவிட்டோமே! என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வோம் என்று நானே அவனுக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் நானே அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் என்னைத் தேற்ற ஆரம்பித்தான். பாருங்கள், யார் வீட்டுச் சாவு, யாருக்கு ஆறுதல்! “விடுங்கண்ணே, குழிக்குள்ள போறத நான் பாக்க வேண்டாம்னு ஆண்டவரே கட் பண்ணிருப்பாரு. அப்பா எந்திரிச்சி வரும்போது லைவ் தேவையில்ல, நான் நேர்லயே பாத்துக்கிடுவேன்.”

கட் பண்ணுங்க, கட் பண்ணாதீங்க

கட்கியில் ஒரு சபை மூப்பர். மூப்பர் என்றால் சபையில் பெரிய பொறுப்பு. துக்க வீடுகளுக்குப் போய் மற்றவர்களை, “அழாதீங்க, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி அழக்கூடாது” என்று அதட்டுகிறவரே அவர்தான். அவர் மனைவி தவறிவிட்டார். ஆராதனை முழுக்க மனுஷன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெட்டி மூடியைக் கையில் எடுத்தார்களோ இல்லையோ, சின்னப்பிள்ளை மாதிரி, “ஏட்டீ, என்ன விட்டுட்டுப் போறியேட்டீ” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டார். நான்கு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

அடுத்த நாள் ஸ்டுடியோவுக்கு வந்து, யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் வீடியோவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். சபையில் என்ன நினைப்பார்களோ என்றார். சரி என்றேன். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், போன் வந்தது. ஆளுக்கு ஏகப்பட்ட பதற்றம். “சேகர் தம்பி, அத கட் பண்ணிராதீங்க! நாளைக்கு நான் மேல போயி நிக்கும்போது, ‘நான் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீரா வே’ன்னு அவ சண்டைக்கு வருவா. என் கையில ஆதாரம் வேணும்.”

எஸ்தர் அக்காவின் கேள்வி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எங்கள் போபோடியிலேயே எஸ்தர் அக்கா என்று ஒருவர். அவர் மகன் டேனிக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது, கை கால் சுவாதீனம் இல்லை. முப்பது வயது தாண்டிய பிள்ளைக்கு அக்காதான் சோறு ஊட்டுவார், தாடி மழிப்பார், சட்டை போட்டுவிடுவார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளை பெட்டியில் வந்தான். ஒரு நல்ல சாவு, ஒரு கெட்ட சாவு என்று நம் ஆட்கள் பிரித்துச் சொல்வார்களே, வந்தவர்கள் எல்லோரும் இதை நல்ல சாவுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். “கஷ்டம் தீர்ந்துச்சு”, “உனக்கும் விடுதலை” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த அக்கா யாரிடம் விடுதலை கேட்டார்?

போதகர் சாமுவேல் நல்ல மனுஷர், இளவயது. அவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, டேனி இப்போது அங்கே நடக்கிறான், பேசுகிறான், ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறான் என்று மெதுவாகச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அக்கா அதைக் கவனமாகக் கேட்டார். நம்பாதவர் மாதிரி முகம் இல்லை. முழுசாக நம்புகிற முகம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் குழம்புகிறது. பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டார், போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். நான் கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். துபாய்க்காரர்களுக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கும் அன்றைக்குச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்தான் தெரிந்திருக்கும். அக்கா கேட்டது இவ்வளவுதான்: “அங்க அவனே சாப்பிடுவான், அவனே சட்டை போடுவான்னா, நான் போயி அங்க என்னய்யா செய்யணும்?”

ஒரு குழி, ரெண்டு பேர்

புனேயில் உயிரோடு இருப்பவனுக்கே இடம் இல்லை, போனவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? அதனால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. புருஷன் போய்ச் சில வருஷங்கள் கழித்துப் பெண்டாட்டி போனால், அதே குழியைத் திறந்து மேலே வைப்பார்கள். அங்கே குழி வெட்டுகிற பாண்டு எனக்கு நல்ல பழக்கம். மராத்திக்காரர், சதா வாயில் தம்பாக்குப் புகையிலை. ஒரு நாள் வேலை முடிந்து அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, யாருக்கோ கேட்பது மாதிரி கேட்டேன். பெண்டாட்டி கிறிஸ்தவள், புருஷன் இந்து. இரண்டு பேரையும் ஒரே குழியில் வைக்க முடியுமா?

பாண்டு என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். யாருக்கோ இல்லை, எனக்குத்தான் என்று புரிந்துவிட்டது. தம்பாக்கைத் துப்பிவிட்டு, இந்தியும் மராத்தியும் கலந்து ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னார். தமிழில் இப்படி வரும்: “உங்க ஆளுங்க எரிச்சிருவாங்க அண்ணே. சாம்பலைக் கொண்டுவா, ஒரு ஓரமா வச்சி மண்ணைப் போட்டு விடுறேன், யாருக்கும் தெரியாது. ஆனா கடைசி நாள்ல எக்காளம் ஊதி எல்லாரையும் எழுப்புவாங்களாமே, அப்ப உன்ன யாரு பொறுக்கிச் சேக்கிறது?”

போதகர் பின்னால் உட்கார்ந்து வந்தது

பாண்டு கிளப்பிவிட்ட பூதம் என்னைத் தூங்கவிடவில்லை. சாம்பலானவன் எழுந்திருப்பானா, மாட்டானா? அடுத்த அடக்கம் முடிந்ததும் போதகர் சாமுவேலுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். ஹாரிஸ் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எதிரில் முகம் தெரியாது, பின்னால்தான் இருக்கிறார் என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெபா கேட்டதைச் சொன்னேன். ஞானஸ்நானம் எடுத்துவிடலாம்தான், ஆனால் பெண்டாட்டியோடு போவதற்காக எடுத்தால் அது விசுவாசமா, இல்லை துணைக்குப் போகிறதா? மனசில் நம்பிக்கை வராமல் தண்ணீரில் முங்கினால் ஜலதோஷம்தானே பிடிக்கும்? இத்தனை அடக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு நாள் எல்லாம் உண்மை என்று தோன்றுகிறது, மறுநாள் மண் மண்ணாகத்தான் தெரிகிறது. அவளை இவ்வளவு வேதனைப்பட விடுகிற கடவுளிடம் எனக்குக் கோபமும் இருக்கிறது. இல்லாதவர் மேல் கோபம் வருமா ஐயா? அப்படியென்றால் நான் நம்புகிறேனா?

தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது என் தோளில் கை வைத்தார். “நான் படிச்ச படிப்புல இதுக்கு ஒரு பதில் இருக்கு அண்ணே, உங்க மொகத்தப் பாத்தா அத சொல்ல வாய் வரல. யாரை உள்ள விடுறது, யாரை விடக்கூடாதுன்னு நிக்கிற வேலைய ஆண்டவர் எனக்குக் குடுக்கல. அதுக்கே நான் தினமும் அவருக்கு நன்றி சொல்லுதேன்.”

நீலப் புடவை

போன வாரம் டயாலிசிஸ் முடிந்து வரும்போது, வீட்டுக்குப் போகாமல் ஸ்டுடியோவுக்கு விடச் சொன்னாள் ஜெபா. பையில் நீலப் புடவை வைத்திருந்தாள். உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற போட்டோவுக்காம். “எல்லார் வீட்டுலயும் கடைசி நேரத்துல ஆதார் கார்டுல இருக்குறத பெருசு பண்ணித் தாங்கன்னு உங்ககிட்ட வந்து நிக்காங்க. எனக்கு அப்படி வேண்டாம்” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அபசகுனமாகப் பேசாதே, கிட்னி கிடைக்கும், நீ ஒன்றும் சாகப் போவதில்லை என்று கத்தினேன். “எல்லாரும்தான் சாகப் போறோம், நீங்க லைட்ட பாருங்க” என்றாள்.

லைட்டைப் போட்டேன். ஊசி குத்திக் குத்தி வீங்கின கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன், என் பெண்டாட்டி இவ்வளவு மெலிந்துபோனதை லென்ஸ் வழியாகத்தான் அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்தேன். பாழாய்ப்போன வாய் பழைய பல்லவியைப் பாடியது: “கொஞ்சம் சிரி.” அவளுக்கு அந்த ஏரவாடாக் கதை தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு படம் அகப்பட்டது. நான் கேமராவுக்குப் பின்னாலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். “அன்னைக்கும் இப்படிக் கேமராவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிடாதிய. அதுக்கு வேற ஆளப் புடிங்க. நீங்க பெட்டிக்குப் பக்கத்துல, என் தலைமாட்டுல நிக்கணும். எங்கூட போட்டோல நிக்கிறதுக்கு நீங்க கிறிஸ்தவனா மாற வேண்டாம்.”

கடைசியாக நான் சொன்ன பதில்

லைட்டை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது. டீ ஆற்றிக்கொண்டு கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான் என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரியலை ஜெபா. எவ்வளவோ தேடிப் பார்த்தேன். நீ போகிற இடம் இருக்கிறது என்று நீ சொல்லும்போது நம்பிக்கையாக இருக்கிறது, நீ இல்லாமல் தனியாக யோசித்தால் பயமாக இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நீ இல்லாத இடம் எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம், அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அழுதாலும் அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தலையில் கையை வைத்து, திருநீறு கண்ணில் விழாமல் ஒரு ஊதல் ஊதிவிட்டாள். எழுந்து உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, நீலப் புடவையை மடித்துப் பையில் வைத்தாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ மே மாத லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி வாசலைப் பார்த்து நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “நீங்க என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கிய? நான் முன்னால போயி துண்டு போட்டு வைக்கேன், நீங்க மெதுவா வாங்க. டிக்கெட் இருக்கா இல்லையான்னு டி.டி.ஆர். வந்து கேட்டா, அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

ஆக, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, உண்மையிலேயே அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று எதுவுமே தெரியாமல், டிக்கெட்டும் எடுக்காமல், சீட் மட்டும் உறுதியாகிப்போன ஒரே பயணி இந்தப் புனேயில் நான்தான்.